இடது பக்கக் கதவு

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் பிழைத்துக் கிடந்தது. துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவள் கப்பலக்கா. தபால்காரர்கூடக் கதவைத் தட்டி, "கப்பலக்கா, பார்சல்!" என்றுதான் சத்தம் கொடுப்பார். பார்சலில் பித்தளைக் கம்பி இருக்கும், இல்லாவிட்டால் மயிரிழைபோன்ற நூல்கண்டு, இல்லாவிட்டால் நரம்பு தெரியாத மரத்தின் பலகைத் துண்டுகள்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் மாதிரிக் கப்பல் செய்கிறவள். நிஜத்தில் ஐம்பது அடி இருப்பது அவள் கையில் ஓர் அடி ஆகிவிடும். தளத்தில் நடக்கிற ஆள் கட்டைவிரல் உயரம்கூட இருக்க மாட்டான். ஒரு கப்பல் முடிய வருஷம் ஆகும். சிலது வருஷத்தையும் தின்றுவிட்டு மேலும் கேட்கும். முன் அறையே பட்டறை. ஜன்னலோரம் நீள மேஜை, அதன்மேல் இடுக்கிகள், உப்புத்தாள், பசைக் கிண்ணம், பலகையை வளைக்க ஆவி விடும் ஒரு கெட்டில்.

"டீ போட ஒத்தப் பாத்திரம், மரத்துக்கு ஆவி பிடிக்கத் தனிக் கெட்டில். குடுத்து வச்ச மரம்" என்பார் அவள் புருஷன். அவர் துறைமுகக் கேன்டீனில் சமையல்காரர்.

அவளிடம் இன்னொரு கிறுக்கும் இருந்தது. வெளியே தெரியாத இடத்திலும் வேலை செய்வாள். மூடிப் பலகை அடித்துவிட்டால் யாருமே பார்க்கப்போவதில்லை என்ற அறைக்குள்ளும் ஏணி இருக்கும், குழாய் இருக்கும், கதவுக்குக் கீல் இருக்கும்.

"சட்டைப் பைக்கு உள்பக்கம் பூவேலை பண்றவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்பார் புருஷன்.

"யாருக்கும் தெரியாதுன்னு ஓட்டையா விடச் சொல்றீங்களா? எனக்குத் தெரியும்ல."

மாடியில் அவள் தம்பியும் அவன் மனைவியும் இருந்தார்கள். தாய் தகப்பன் போனபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். துறைமுக வாயில் சேறு அள்ளுகிற கப்பலில் எண்ணெய் போடும் வேலை அவனுக்கு. அந்தக் கப்பலை எல்லோரும் மண்வாரி என்பார்கள். வேலை முடிந்து வந்தால் நேரே மேஜையருகில் வந்து குனிந்து பார்ப்பான். "அக்கா, உன் கப்பல்ல எனக்கு ஒரு இடம் போட்டு வை. அதுலதான் எண்ணெய் நாத்தம் இல்ல" என்பான். "கையைக் கழுவிட்டு வாடா முதல்ல" என்பாள் அவள்.

அன்று காலை அவள் ஒரு பலகையை வளைத்துக்கொண்டிருந்தாள். கெட்டிலின் மூக்கில் காட்டிக் காட்டி, இரண்டு கையாலும் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். அவசரத்துக்கு அது மசியாது. வெளியே சில நாளாகவே காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் கடகடவென்று அடித்துக்கொண்டது.

கதவைத் திறந்துகொண்டு புருஷன் வந்தார். மதியச் சாப்பாடு முடியாமல் அடுப்பை விட்டு நகராத மனிதர், மேலே கட்டிய சமையல் துணியோடு நின்றார். கையில் கரண்டிகூட இருந்தது.

"என்னங்க?"

"நீ முதல்ல உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன். என்னன்னு சொல்லுங்க."

"மண்வாரி கவுந்துடுச்சு."

பலகை அவள் கையில் முறிந்தது.

"கவுந்துடுச்சுன்னா? சாஞ்சிருக்கா, இல்ல..."

"தலைகீழா. மேல இருந்தவங்க எல்லாம் குதிச்சுட்டாங்க, இழுவைப் படகு அள்ளிப் போட்டுக்கிச்சு. கேப்டன் இருக்காரு, பொக்லைன் ஓட்டுறவன் இருக்கான்..." அவர் கையிலிருந்த கரண்டியை அப்போதுதான் பார்த்தவர்போலப் பார்த்தார். "மச்சானைக் காணோம். பெரிய இன்ஜின்காரரையும் காணோம்."

மாடிப்படியில் வாளி உருண்டது. ஈரத்துணிகளை மிதித்துக்கொண்டு தம்பி மனைவி இறங்கி வந்தாள். "யாரைக் காணோமாம் அண்ணி?" என்றாள். காதில் விழுந்த பிறகும் கேட்டாள். வேறு பதில் வந்துவிடாதா என்று கேட்டாள்.

துறைமுகச் சுவரோரம் ஊரே நின்றது. கப்பல்கள் உள்ளே வரும் வாய்க்காலின் நடுவில் மண்வாரி அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. சிவப்புச் சாயமும் சிப்பியும் பாசியுமாக இருந்த அந்த வயிற்றைக் கப்பலக்கா முன்பு ஒருமுறை, கரையேற்றிப் பழுது பார்த்தபோது, பார்த்திருக்கிறாள். தண்ணீரில் பார்க்கக்கூடாத கோலம் அது. சின்னப் படகு ஒன்று அதை ஒட்டி நின்றது. ஒருவன் சுத்தியலால் இரும்பில் தட்டினான். பிறகு காதை வைத்தான். பிறகு கையை உயர்த்தினான். கரையில் நின்ற கூட்டம் 'ஹோ'வென்று கத்தியது.

"உள்ள இருந்து தட்டுறாங்க!" என்று புருஷன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "கேட்டியா? உயிரோட இருக்கான்! நம்ம ஆளு இருக்கான்!"

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அவன் இல்லை என்றால் விழுந்து புரண்டு அழலாம். இருக்கிறான் என்றால் இருட்டில், எண்ணெயில், கழுத்தளவு தண்ணீரில் இருக்கிறான். சின்ன வயதில் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்தாலே மூச்சுமுட்டி எழுந்து உட்காருகிற பிள்ளை.

"மேல ஓட்டையைப் போட்டு எடுக்க வேண்டியதுதானே? சும்மா தட்டித் தட்டி என்ன விளையாட்டு?" என்று தம்பி மனைவி கத்தினாள்.

போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த கேப்டன் தலையை ஆட்டினார். அவருக்குப் பல் தந்தியடித்தது. "ஓட்டை போட்டா உள்ள தேங்கியிருக்கிற காத்து பீறிட்டு வெளிய வந்துடும்மா. காத்து போனா தண்ணி ஏறும். அந்தக் காத்துலதான் அவங்க தலையே நிக்குது."

அப்போதுதான் துறைமுக ஆபீஸ் ஆள் ஒருவர் ஓடி வந்தார். "கப்பலக்கா எங்கே? தண்ணிக்குள்ள இறங்குற டைவர் கூப்பிடுறாரு."

சரக்குக் கொட்டகைக்குள் ஒரு மேஜைமேல் அவள் செய்த மண்வாரி இருந்தது. பார்வையாளர் கூடத்துக்காகத் துறைமுக ஆபீஸ் கேட்டுச் செய்தது. உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக வலது பக்கத்தை மட்டும் பலகை அடிக்காமல் கண்ணாடி வைத்திருந்தாள். இடது பக்கம் முழுக்கப் பலகை. கண்ணாடிப் பெட்டியை உடைத்து அவசரமாகத் தூக்கி வந்திருந்தார்கள். தளத்தின் கைப்பிடிக் கம்பிகள் ஒரு பக்கம் நசுங்கியிருந்தன.

மேஜைக்கு அந்தப் பக்கம் டைவர் நின்றான். ஒல்லியான ஆள், தம்பி வயதுதான் இருக்கும். ரப்பர் உடை இடுப்புவரை மடிந்து தொங்கியது.

"அக்கா, இதை நீங்கதானே செஞ்சீங்க? உள்ள இறங்கி அளந்தா?"

"ஆமாப்பா. ரிப்பேருக்கு டாக்ல ஏத்தியிருந்தப்போ. என் தம்பிதான் கூட்டிட்டுப் போனான். அவன்தான் இப்போ..."

"தெரியும்க்கா." அவன் குனிந்து, வலது பக்கக் கண்ணாடி வழியாக விரலைக் காட்டினான். "தளத்துல இருந்து இந்தச் சந்துல போனா, கடைசியில இன்ஜின் ரூமுக்கு ஒரு குட்டிக் கதவு. சரியா? ஆனா கப்பல் வலது பக்கமாத்தான் சேத்துல குத்தியிருக்கு. இந்தச் சந்து நசுங்கிப் போச்சு. இடது பக்கமும் இதே மாதிரி சந்து இருக்கு, அதோட வாய் திறந்துதான் கிடக்கு, பாத்துட்டு வந்துட்டேன். அந்தச் சந்து முடியற இடத்துல கதவு இருக்கா? அதுதான் எனக்குத் தெரியணும்."

"கம்பெனி அனுப்பின வரைபடத்துல ரெண்டு பக்கமும் கதவே இல்ல" என்றார் கேப்டன். "அது பழசு. கதவு வெட்டினது டாக்ல ஏத்தினப்போதான். வலது பக்கம் நான் போயிருக்கேன். இடது பக்கம் பழைய கயிறும் டயருமா அடைச்சு வச்சிருந்தோம், யாரும் போறதில்ல. வெட்டின பட்டறைக்காரங்களுக்குப் போன் போட்டுக்கிட்டே இருக்கோம், எடுக்க மாட்டேங்கறாங்க."

"கதவு இல்லேன்னா?" என்று புருஷன் கேட்டார்.

டைவர் அவரைப் பார்க்காமல் சொன்னான். "சந்து குறுகல்ணே. முதுகுல சிலிண்டரோட போனா உள்ள திரும்ப முடியாது. வந்த வழியே பின்னாடி ஊரணும். கயிறெல்லாம் மிதக்குது. கால்ல சுத்திக்கிச்சுன்னா..."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

இருந்ததா? அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்கின் வெயில் ஞாபகம் வந்தது. இரும்பு சுட்ட சூடு, டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு தம்பி அடித்த கேலி, வலது சந்தில் முட்டி உரசி ரத்தம் வந்தது, எல்லாம் வந்தது. இடது சந்து வரவில்லை. அங்கே ஒரு வெற்றிடம்தான் இருந்தது. அளவு எழுதிய தாள்களைக் கப்பல் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுவது அவள் வழக்கம். அதற்குப் பிறகு மூன்று கப்பல் செய்து முடித்துவிட்டாள். பார்த்துச் செய்தாளா? வலது பக்கம் இருப்பதால் இடது பக்கமும் இருக்கும் என்று செய்தாளா?

"உள்ள என்ன செஞ்சிருக்கேன்னு பாக்கணும்" என்றாள். "திறக்கணும்."

வேலைக்குப் போடுகிற மேல்துணியை அவிழ்க்காமலே ஓடி வந்திருந்தாள். அதன் பையில் கத்தி இருந்தது. கப்பலைச் சாய்த்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றாக ஆவி காட்டி வளைத்து ஒட்டிய பலகைகள். பசை நன்றாகப் பிடித்திருந்தது. அவள் வேலை அப்படி. கத்தி நுனியை இடுக்கில் விட்டு நெம்பினாள். பலகை பிளந்து சிராய் விரலில் ஏறியது. உருவிப் போட்டுவிட்டு மறுபடி நெம்பினாள். "மெதுவா, மெதுவா" என்றார் புருஷன். "மெதுவா பண்ண இதென்ன வெங்காயமா?" என்று சீறினாள். இரண்டாவது பலகை வந்தது. மூன்றாவது வந்தது.

உள்ளே கதவு இருந்தது.

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டைவர் ஒரு மூச்சு விட்டுவிட்டு ரப்பர் உடையை மேலே இழுக்கத் தொடங்கினான். கப்பலக்காவுக்கு அப்போதுதான் முழுப் பயமும் வந்தது. மரத்தில் கதவு இருக்கிறது. அவள் வைத்தால் இருக்கும். இரும்பில் இருக்கிறதா? 'இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பிள்ளை போய்விடுவான். இவனுக்கும் எங்கேயோ ஓர் அக்காவோ மனைவியோ அடுப்படியில் எதையோ கிண்டிக்கொண்டிருப்பாள். தம்பிக்காக அவள் பொய்கூடச் சொல்லக் கூடியவள்தான். அது அவளுக்கே தெரிந்தது. அதுதான் அவளை உலுக்கியது.

"இருப்பா" என்றாள். "ஒரு நிமிஷம் இரு."

மறுபடி குனிந்தாள். வலது பக்கக் கதவுக்குக் கீல், கப்பலின் முன்பக்கம் பார்த்து இருந்தது. இடது பக்கத்தில் பின்பக்கம் பார்த்து இருந்தது. கதவை ஒட்டி, பித்தளைக் கம்பியை வளைத்து ஒரு குழாய் ஓடியது. வலது பக்கம் அப்படிக் குழாயே இல்லை.

"பாத்தது எனக்கு ஞாபகம் இல்ல" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "பொய் சொல்ல மாட்டேன், ஞாபகம் இல்ல. ஆனா இந்தக் குழாயைப் பாரு. அது இடிக்கும்னுதான் கீலை இந்தப் பக்கம் மாத்தியிருக்கு. வலது பக்கத்தைப் பாத்து சும்மா செஞ்சிருந்தா எனக்குக் குழாய் தோணியிருக்காது. இல்லாத குழாயை நான் எதுக்கு வைக்கப் போறேன்? எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். போறதும் போகாததும் உன் இஷ்டம்ப்பா."

டைவர் கப்பலைத் தன் கையில் வாங்கினான். தலைகீழாகத் திருப்பினான். வலது எது, இடது எது என்று விரலால் தொட்டுத் தொட்டு உதட்டுக்குள் சொல்லிக்கொண்டான். "தாழ்ப்பாள்?"

"சந்துப் பக்கம் இருக்கு. உள்ள இருக்கறவங்களால திறக்க முடியாது."

"அப்போ நான்தான் திறக்கணும்" என்றான். ஏதோ கடைக்குப் போகிறவன்போலச் சொல்லிவிட்டுப் படியில் இறங்கினான்.

அதற்குப் பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. படகில் ஒருவன் கயிறு விட்டுக்கொண்டிருந்தான். கயிறு அவன் கையிலிருந்து நழுவி நழுவித் தண்ணீருக்குள் போனது. பிறகு நின்றது. தட்டுகிறவன் தட்டினான், காதை வைத்தான், கையை உயர்த்தவில்லை. மறுபடி தட்டினான். மறுபடியும் கை கீழேயே இருந்தது.

"ஏன் கை தூக்கல?" என்றாள் தம்பி மனைவி. "அண்ணி, அவன் ஏன் கை தூக்கல?"

"காத்து சத்தத்துல கேட்டிருக்காது."

"இவ்வளவு நேரம் கேட்டுச்சே!"

கப்பலக்கா புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிரார்த்தனை என்று நினைத்தாள். காது கொடுத்தபோது, "ரொட்டி எடுத்து வச்சிருக்கேன், சூடா ஒரு டீ, ரொட்டி எடுத்து வச்சிருக்கேன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் மேகத்துக்குள் போய், வந்து, மறுபடி போனது. கயிறு ஆடியது. படகில் இருந்தவன் எழுந்து நின்று இழுக்க ஆரம்பித்தான்.

முதலில் வந்தது கறுப்பாக ஒரு தலை. எண்ணெயில் முக்கி எடுத்தாற்போல் இருந்தது, கண் மட்டும் வெள்ளை. யாரென்று தெரியவில்லை. படகுக்குள் விழுந்து இருமினான். இருமலைக் கேட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் சிறுவனாக இருந்தபோது குளிர்காலம் முழுக்கப் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல் அது. அவள் படியை நோக்கி ஓடினாள்.

டைவர் இன்னொரு தடவை போனான். பெரிய இன்ஜின்காரரையும் கொண்டுவந்தான். அவர் இருமவில்லை. கவிழ்ந்த வேகத்தில் மண்டையில் அடி. முகம் தண்ணீரில் விழாமல் தம்பிதான் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவர் போய்ச்சேர்ந்தது எப்போதென்று அவனுக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தம்பி மாடிக்கு ஏறவில்லை. முன் அறையில், கதவு திறந்திருந்தால்தான் தூங்கினான். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டான். கேலி போய்விட்டது. "என்னடா, ஏதாவது பேசேன்" என்றால், "பேசிக்கிட்டுத்தானேக்கா இருக்கேன்" என்பான்.

துறைமுக ஆபீஸ் உடைந்த மாதிரிக் கப்பலைச் சரிசெய்யச் சொல்லி அனுப்பியிருந்தது. மேஜைமேல் பிளந்து கிடந்த இடது பக்கத்தை அவன் ஒருநாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் குழாயைப் பாத்துத்தான் சொன்னியாமே. மாமா சொன்னாரு."

"ஆமாடா. பாக்காம வச்சிருக்க மாட்டேன்ல."

"நீ பாக்கலக்கா."

இடுக்கி அவள் கையில் நின்றது.

"வலது பக்கம் இறங்கி முட்டியைத் தேச்சுக்கிட்டேல்ல? ரத்தம் கொட்டுச்சு. இடது பக்கத்தை நான் பாத்துட்டு வந்து சொல்றேன்னு உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டேன். சாயங்காலம் வந்து நான் சொன்னதைத்தான் நீ எழுதிக்கிட்ட."

"அப்போ நீ பாத்தியே. அது போதாதா?"

அவன் வெளியே பார்த்தான். "நானும் பாக்கலக்கா. எனக்குச் சோம்பேறித்தனம். பெரிய இன்ஜின்காரர்கிட்ட கேட்டேன். டீ குடிச்சுக்கிட்டே சொன்னாரு, 'இந்தப் பக்கம் ஒரு குழாய் குறுக்க ஓடுதுடா, அதனால கீலைப் பின்னாடி வச்சிருக்கான்'னு. அதை அப்படியே வந்து உன்கிட்ட ஒப்பிச்சேன்."

அவள் இடுக்கியை மேஜையில் வைத்தாள். யாரோ ஒரு பெண்ணின் பிள்ளையை, தான் பார்க்காத, தம்பியும் பார்க்காத ஒரு கதவை நம்பி அந்தச் சந்துக்குள் அனுப்பியிருக்கிறாள். அந்த மனிதர் டீ குடித்த அலட்சியத்தில் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால்? சரியாகச் சொன்னார். சரியாகச் சொன்ன மனிதரைத்தான் உயிரோடு கொண்டுவர முடியவில்லை. "அவர்தான் என்னைத் தட்டச் சொன்னாருக்கா" என்று தம்பி ஆரம்பித்தான். அவள் அவன் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். பிறந்த பிள்ளைபோல் அழுதான். அன்றுதான் முதல் தடவையாக அழுதான்.

அன்றிலிருந்து அவளுக்கு வேலை ஓடவில்லை. பிளந்த பக்கத்தை மூடப் போனால் கை பின்வாங்கியது. மண்வாரியை நிமிர்த்தி, உடைப்பதற்காக ஓரமாகக் கட்டியிருந்தார்கள். ஒரு காலையில் டேப்பையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டாள்.

"எங்கே?" என்றார் புருஷன்.

"அளந்துட்டு வர்றேன்."

"அந்தச் சவத்துக்குள்ளயா? உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"அளக்காம மூட முடியலங்க."

தம்பி சட்டையைப் போட்டுக்கொண்டு அவளோடு வந்தான். கப்பலின் தளம்வரை வந்தான். சந்தின் வாயருகே வந்ததும் நின்றுவிட்டான்.

"என்னால முடியலக்கா."

"நீ இங்கேயே நில்லு. டேப்போட நுனியைப் பிடிச்சுக்கோ, போதும்."

அவள் குனிந்து உள்ளே போனாள். சேறும் எண்ணெயும் அழுகலுமாக நாற்றம் மூக்கில் ஏறியது. இரண்டு பக்கமும் இரும்பு தோளை உரசியது. கொஞ்சதூரம் போனதும் பின்னாலிருந்த வெளிச்சம் சின்னதாகிவிட்டது. தண்ணீர் எங்கேயோ சொட்டியது. இது கவிழாது, கயிறு கட்டியிருக்கிறது என்று புத்தி சொன்னது. உடம்பு கேட்கவில்லை. திரும்பிவிடலாம் என்று பார்த்தாள். திரும்ப இடமில்லை.

"அக்கா?" என்று அவன் குரல் வந்தது. பயந்து போன குரல்.

டார்ச்சை முன்னால் நீட்டினாள். குறுக்கே ஒரு குழாய் ஓடியது. அதற்குப் பக்கத்தில் கதவு, திறந்தபடி. உள்ளே ஒரே இருட்டு. கையை நீட்டிக் கீலைத் தொட்டாள். குளிர்ந்து வழவழவென்று இருந்தது. பின்பக்கம் பார்த்துத்தான் இருந்தது.

"அக்கா! சத்தத்தையே காணோம்!"

"இருக்கேன்டா" என்றாள். டேப்பைக் கதவின் ஓரத்தில் வைத்து இழுத்தாள். "அகலம் இருபத்திரண்டு அங்குலம். திருப்பிச் சொல்லு."

"இருபத்திரண்டு" என்றான் அவன்.

"உயரம் முப்பத்தொன்று."

"முப்பத்தொன்று. அக்கா, போதும், வாக்கா."

"குழாய்ல இருந்து கீலுக்கு நாலு. சத்தமா சொல்லுடா, கேக்கல."

"நாலு!" என்று அவன் கத்தினான். அந்தச் சத்தம் இரும்பில் மோதி மோதி அவளிடம் வந்தது. அவள் டேப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அடுத்ததை அளந்தாள்.